திருநாளும் தொண்டரும்: சிலாங்கூர்த் தோட்டப்புற விழாக்கள் கற்பிக்கும் பாடம்

விழா எடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடைபெற்ற இந்திர விழாவை மணிமேகலை விரித்துரைக்கிறது. அவ்விழா எவ்வாறு நின்றுபோயிற்று என்பதையும் அக்காப்பியமே கூறுகிறது. சோழன் நெடுமுடிக்கிள்ளி தன் மகனைக் காணாத துயரத்தில் விழாவை மறந்தான். மன்னன் மறந்தமையால் விழா நடைபெறவில்லை. நகரைக் கடல் கொண்டது. விழா நின்றதால் கடல் பொங்கியது என்பது காப்பியத்தின் நம்பிக்கை. அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் கருத்தைப் பொறுத்தது. ஆயினும் வரலாறு பயில்வோர் கருத வேண்டிய செய்தி ஒன்று அக்கதையில் உண்டு. அத்துணைப் பெரிய விழா, ஒரே ஒருவருடைய நினைவை நம்பி நின்றது. அவர் மறந்தபோது எடுத்து நடத்த வேறு கை இல்லை.

மலாயாவுக்கு வந்த தமிழர்க்கு விழா எடுத்துத் தர மன்னன் இல்லை; கோயிலுக்கு மானியமாக விடப்பட்ட நிலமும் இல்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டிக் கூலி பெற்ற மக்களே பந்தலும் போட்டனர், பொங்கலும் வைத்தனர், நாடகமும் ஆடினர். ஊதியமின்றி நடந்த இத்தொண்டின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. சிலாங்கூரின் வட பகுதியை, சிறப்பாகக் கோலசிலாங்கூர் வட்டாரத்தை நடுவாக வைத்து அதன் போக்கைச் சற்று ஆராய்வோம். ஒரு விழாவைத் தொடங்குவது எளிது. அதை நிலைக்கச் செய்வது எது என்பதே நம் கேள்வி.

ஆற்றங்கரைத் தோட்டங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றின் இரு மருங்கிலும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தோட்ட முதலாளிகளுள் பெரும்பாலோர் ஆங்கிலேயர். எனினும் இவ்வாற்றங்கரையில் பிரெஞ்சு மொழி பேசிய சிறு கூட்டம் ஒன்றும் வாழ்ந்தது என்பதைப் பலர் அறியார். 1905-இல் மலாயா வந்த ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். பின்னர் 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, பெயரே தமிழாக ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில், இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியவரும் அவரே. 1930-இல் வெளியான அவருடைய 'மலேசி' என்னும் நாவல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றுள்ளது.

அப்பிரெஞ்சுக்காரரிடம் நிலம் இருந்தது, பணம் இருந்தது, பரிசு பெற்ற எழுத்தாளரும் இருந்தார். ஆயினும் அவர்கள் பேசிய மொழி இவ்வாற்றங்கரையில் வேரூன்றவில்லை. நிறுவனத்தை ஒட்டி வந்தவர்கள் காலம் மாறியபோது சென்றுவிட்டனர். செல்வமும் செல்வாக்கும் மட்டுமே ஒரு மொழியை ஓரிடத்தில் நிலைக்கச் செய்துவிடா என்பதற்கு நம் வட்டாரத்திலேயே கிடைக்கும் சான்று இது.

அவர்களுடைய தோட்டங்களிலும் ஆங்கிலேயர் தோட்டங்களிலும் உழைத்த தமிழரின் நிலை வேறு. தொடக்கத்தில் அவர்களும் வந்து போகும் மக்களாகவே இருந்தனர். சில ஆண்டு உழைத்து, கையில் சிறு பொருளுடன் ஊர் திரும்பும் எண்ணமே பலருக்கு இருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுச் செல்லும் கூலியாட்களின் குடிபெயர்வைத் தடை செய்தது. அதன்பின் ஊரிலிருந்து புதிய ஆட்கள் வருவது நின்றது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளே அடுத்த தலைமுறைத் தொழிலாளராயினர். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் முன்னரே கூறியிருந்தது. பல இடங்களில் அப்பள்ளி ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக இருந்தது. பகலில் கிராணி வேலை பார்த்தவரே பிற்பகலில் ஆசிரியராக நின்ற தோட்டங்களும் உண்டு. எனினும் லயம், கோயில், பள்ளி என்னும் இம்மூன்றும் சேர்ந்து தோட்டத்தை ஊராக மாற்றின. ஊர் ஆனவுடன் விழாவும் வந்தது.

கோயில் திருவிழாவின் வலிமையும் குறையும்

தோட்டப்புறத்தின் மூத்த விழா கோயில் திருவிழா. மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் அவ்விழாவை நடத்தும் முறை எளியது. தலைக்கு இவ்வளவு என வரி போடுவர். சம்பள நாளில் அது வசூலாகும். தொழிலாளர் இசைவுடன் செக்ரோலிலேயே பிடித்துக் கொடுத்த தோட்டங்களும் பல. துரை நன்கொடை தருவார், விடுமுறை தருவார், தோட்ட லாரியைத் தருவார். வாழைமரம் கட்டுவோர், விறகு பிளப்போர், அண்டா இறக்குவோர், தேர் இழுப்போர் என வேலைகள் குடும்பந்தோறும் பரம்பரையாகப் பிரிந்திருக்கும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவரவர் வேலை அவரவர்க்குத் தெரியும். மகன் தந்தையுடன் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வான். இதுவே அவ்விழாவின் வலிமை.

குறைகளும் இல்லாமலில்லை. சாதி பார்த்து லயம் ஒதுக்கிய காலத்தில், சாதி பார்த்தே விழாவில் இடமும் ஒதுக்கப்பட்டது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் கங்காணிகளுக்குள் பூசல் எழும். திருவிழா முடிவதற்குள் கள்ளுக்கடையின் வரவு பெருகும். கிறித்தவரும் இசுலாமியருமான தமிழர் அவ்விழாவில் விருந்தினராக வரலாமேயன்றி, உரிமையுடையோராக நிற்க இயலாது. மேலும், துரையின் தயவின்றி எதுவும் நடவாது. ஒரு தோட்டத்து விழாவுக்கு அடுத்த தோட்டத்து உறவினர் வருவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. தோட்டம் தனியார் நிலம். அங்கே நுழைவது சட்டப்படி அத்துமீறலாகக் கருதப்படலாம்.

கூடும் உரிமை

இந்நிலையை எண்ணிப் பார்த்தால் 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் புதிய பொருள் தரும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலியைக் கேட்டது என்பதை யாவரும் அறிவர். ஆனால் கூலி மட்டுமே அதன் கோரிக்கையன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். வெள்ளைக்காரரையோ மேல் அலுவலரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும் என்பனவும் அதில் அடங்கியிருந்தன.

இப்பட்டியலை ஒரு முறை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். மக்கள் கூட இயலாத இடத்தில் விழா ஏது? விருந்தினர் வர இயலாத ஊரில் திருநாள் ஏது? கூலிப் போராட்டம் என நாம் பாடநூலில் படித்துச் செல்லும் நிகழ்ச்சியில், பண்பாட்டு வாழ்வின் அடிப்படை உரிமைகளும் கேட்கப்பட்டன. நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

சப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில்பாதையும் தோட்டங்களைச் சூறையாடின. எத்தனையோ குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. போர் முடிந்தபின், 1946-47-இல் கெடாவில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. கள்ளை ஒழித்தல், ஒழுங்காக அணிவகுத்தல், ஊர்க் காரியங்களில் கைகொடுத்தல் என்பன அதன் பணிகள். அரசாங்கம் அதை அடக்கிவிட்டது. ஆயினும் 'தொண்டர்' என்னும் சொல் தோட்டப்புறத்தில் நிலைத்துவிட்டது. கூலி பெறாமல் ஊருக்கு உழைப்பவன் என்ற பெருமை அச்சொல்லுக்கு அப்போது வந்தது.

1952: தமிழர் திருநாள்

இவ்வளவு முன்னுரையும் வேண்டியதாயிற்று. ஏனெனில் தமிழர் திருநாள் வெறுந்தரையில் முளைக்கவில்லை.

திருவாரூரில் 1903-இல் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி, 1935-இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். சீர்திருத்தக் கொள்கையில் ஊறியவர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் ஊர், சாதி, சமயம் எனப் பிரிந்து கிடப்பதைக் கண்டு, எல்லாரும் ஒன்றுகூடும் ஒரு நாளை அமைக்க எண்ணினார். அதற்கு அவர் தேர்ந்த நாள் பொங்கல். உழைப்பின் பயனைக் கொண்டாடும் அந்நாளில் இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே பந்தியில் அமரலாம். 1952-இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது. பின்னர் அது ஆண்டு விழாவாக வளர்ந்து, மலாயாவின் பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது.

அக்காலத்தின் நிலையை நினைவிற்கொள்ளல் வேண்டும். 1948 சூன் முதல் நாடு அவசரகாலத்தில் இருந்தது. அவ்வாண்டு திசம்பரில் பத்தாங்காலியில் தோட்டத் தொழிலாளர் 24 பேர் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவ்விரண்டும் நம் வட சிலாங்கூரில் நடந்தவை. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பல இடங்களில் ஊரடங்கு இருந்தது. அரிசியும் அளந்தே கொடுக்கப்பட்டது. அத்தகைய நாளில் பலர் கூடிப் பேசவும் பாடவும் ஒரு விழாவைத் தொடங்கியது எளிய செயலன்று. கர்னி இறந்து நான்கு திங்களுக்குள் முதல் திருநாள் வந்தது என்பதை எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

கோயில் திருவிழாவிலிருந்து இத்திருநாள் மூன்று வகையில் வேறுபட்டது. முதலாவது, இதில் முதல் மரியாதை என்பது இல்லை, பரிசு உண்டு. பரிசு பிறப்பால் வருவதன்று. பேச்சு, கட்டுரை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றில் காட்டும் திறமையால் வருவது. இரண்டாவது, மேடை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் திறந்தது. மூன்றாவது, ஒரு தோட்டத்தோடு முடியாமல் வட்டாரம் முழுவதையும் இணைத்தது. கோயில் விழா ஒரு தோட்டத்துக்கு உரியது. திருநாளோ மொழிக்கு உரியது.

திருநாள் பயிற்றிய கைகள்

இவ்வேறுபாட்டின் பயனை ஆசிரியர்களாகிய நாம் எளிதில் உணரலாம். போட்டி என்றால் அதற்குத் தலைப்பு வேண்டும், நடுவர் வேண்டும், மதிப்பெண் பட்டியல் வேண்டும், நேரம் காட்டுவோர் வேண்டும். இவற்றைத் தோட்டத்தில் செய்யத் தெரிந்தவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரே. ஆகவே திருநாள் ஆசிரியரை வகுப்பறையிலிருந்து ஊருக்குள் அழைத்து வந்தது. பிள்ளை பேச வேண்டுமானால் வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நூல் வேண்டும். நூல் வேண்டும் என்றால் படிப்பகம் வேண்டும். ஒரு நாள் விழா இவ்வாறு ஆண்டு முழுதும் செய்ய வேண்டிய வேலையை உண்டாக்கியது.

தமிழ் முரசில் வந்த மாணவர் மணிமன்றம் இதற்குத் துணை நின்றது. அப்பகுதியில் எழுதத் தொடங்கிய பிள்ளைகள் பின்னர் ஊர்தோறும் மணிமன்றங்களை அமைத்தனர். அவையே வளர்ந்து மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றமாக உருப்பெற்றன. இந்நாட்டின் எழுத்தாளர்களிலும் ஆசிரியர்களிலும் பலர் அவ்வழி வந்தவர்கள்.

இன்னொரு பயனும் விளைந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அத்துறையின் முதன்மை மொழி வடமொழியாக வேண்டுமா, தமிழாக வேண்டுமா என்ற கேள்வி பிறந்தது. தமிழே வேண்டும் எனச் சாரங்கபாணி எழுதினார், மக்களைத் திரட்டினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளரும் சிறு வணிகரும் தங்களால் இயன்றதைத் தந்தனர். 1956-இல் துறை அமைந்தது, தமிழ் இடம்பெற்றது, மக்கள் நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்குத் துணையாயிற்று. துறை பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1961-இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் அனைத்துலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

விழாவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீடுவீடாகச் சென்று நன்கொடை கேட்டல், ரசீது எழுதுதல், கணக்கை வெளியிடுதல், கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுதல் ஆகியவற்றை மக்கள் வேறு எங்கே பழகினர்? திருநாளிலும் அதைப் போன்ற சங்க விழாக்களிலும் பழகினர். பந்தல் போட்ட கை பிறகு நிதி திரட்டியது. விழாவை வெறும் களியாட்டமாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

தளர்ச்சியின் காரணங்கள்

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஓங்கி நின்ற தமிழர் திருநாள் பிற்காலத்தில் தளர்ந்தது. காரணங்கள் பல.

தோட்டமே முதலில் சிதைந்தது. ஐம்பதுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. சிங்கப்பூரிலிருந்து இயங்கிய தலைமைக்கும் மலேசியக் கிளைகளுக்கும் இடையே எல்லை விழுந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. அதனால் ஏறக்குறைய 60,000 இந்தியத் தொழிலாளர் நாடு திரும்பினர் என்பர். அவர்களுள் அண்டா இறக்கியவரும் தப்பு அடித்தவரும் கூத்துக் கட்டியவரும் இருந்தனர். ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். 1974 மார்ச் 16-ஆம் நாள் சாரங்கபாணி மறைந்தார்.

பின்னர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறின. உலுசிலாங்கூரில் புதிய நகரங்கள் எழுந்தன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள், தோட்டம் கைமாறியபின் சொந்த வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருந்த செய்தி நம்மில் பலர் அறிந்ததே. 1957-இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சில்லறையாகக் குறைந்துள்ளன.

இவை எல்லாம் வெளியிலிருந்து வந்த காரணங்கள். இவற்றோடு உள்ளிருந்த காரணம் ஒன்றும் உண்டு. திருநாள் பெரிதும் ஓர் ஏட்டையும் ஒரு தலைவரையும் சார்ந்திருந்தது. ஏடு எழுப்பினால் கிளைகள் எழுந்தன. தலைவர் மறைந்தபின், எழுப்பும் குரல் குறைந்தது. இதைச் சாரங்கபாணியின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். அவருக்குப் பின் அதே அளவில் அதை ஏந்தும் அமைப்பை வளர்க்காதது சமுதாயத்தின் குறை. நெடுமுடிக்கிள்ளியின் கதையில் கண்ட நோய் இங்கும் ஓரளவு இருந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பூம்புகார் விழா நின்றபோது எல்லாம் நின்றதாகக் காப்பியம் கூறுகிறது. திருநாள் தளர்ந்தபோது அது பயிற்றிய கைகள் நிற்கவில்லை. மணிமன்றங்கள் இயங்கின, பல்கலைக்கழகத் துறை இயங்கியது, பள்ளிகளில் பொங்கல் விழா தொடர்ந்தது. விழா தன் வாழ்நாளில் எத்தனை பேரைத் தொண்டராக்கியது என்பதே அதன் உண்மையான வரவு.

கனடாவில் ஒரு சான்று

பிற சிறுபான்மையினரின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். நம் ஆற்றங்கரைப் பிரெஞ்சுக்காரரைப் போல அல்லாமல், குடிகளாகவே வாழ்ந்து போராடிய பிரெஞ்சு மொழியினர் கனடாவின் மனிடோபா மாநிலத்தில் உள்ளனர். 1870-இல் அம்மாநிலம் தோன்றியபோது ஆங்கிலமும் பிரெஞ்சும் சம உரிமை பெற்றிருந்தன. ஆங்கிலேயர் தொகை பெருகியதும் 1890-இல் பிரெஞ்சின் உரிமை பறிக்கப்பட்டது. 1916-இல் பள்ளிகளிலும் அதன் இடம் நீக்கப்பட்டது. மேற்பார்வையாளர் வரும்போது பிரெஞ்சு நூல்களை மறைத்து வைத்து, அவர் சென்றபின் எடுத்துக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றி அங்கே இன்றும் பேசுவர்.

வின்னிபெக் நகரை அடுத்த செயின்ட் போனிபஸ் பகுதியில் அம்மக்கள் 1970-இல் ஒரு குளிர்கால விழாவைத் தொடங்கினர். முற்காலத்தில் தோணிகளில் தோல் வணிகம் செய்த பிரெஞ்சுப் படகோட்டிகளின் பெயரால் அமைந்த விழா அது. பனி உறையும் பிப்ரவரியில், தங்கள் பாட்டையும் உணவையும் உடையையும் ஊர் முழுதும் காணுமாறு செய்தனர். பெரும்பகுதி வேலை தொண்டர்களால் நடப்பது. விழாவின் முகமாக நிற்கும் பொறுப்பு ஒருவரிடமே தங்குவதில்லை. படகோட்டி உடை அணிந்து விழாவை எடுத்துரைக்கும் அப்பணி காலத்துக்குக் காலம் வேறு குடும்பத்துக்குச் செல்கிறது. அவ்விழா இன்றும் நடைபெறுகிறது.

அதன் முதல் தொண்டர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஃபோரே. காப்பீட்டு முகவராகத் தொழில் செய்தவர். 1976-இல் அவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய வாகன நிறுத்தக் குற்றச்சீட்டு ஒன்று வந்தது. தொகையோ மிகச் சிறியது. அவர் கட்ட மறுத்து வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979-இல் அந்நீதிமன்றம், 1890-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 89 ஆண்டு பறிபோயிருந்த உரிமை ஒரு விழாத் தொண்டரின் விடாமுயற்சியால் மீண்டது.

மலாயாத் திருநாளையும் மனிடோபா விழாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை புலனாகும். இரண்டும் அரசாங்கத்தின் ஆணையால் தோன்றவில்லை. இரண்டும் மொழிக்குத் தலைநிமிர்வு தந்தன. இரண்டிலும் பழகிய மக்கள் விழாவுக்கு அப்பாலும் சென்று மொழிக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெற்றனர். வேறுபாடு பொறுப்பு கைமாறும் முறையில் உள்ளது.

இன்று செய்யத்தக்கன

இன்று நம் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் புஞ்சாக் ஆலத்துக்கும் குடிபெயர்ந்தோர், கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் பழைய தோட்டத்துக்கு வருகின்றனர். லயம் இடிந்த இடத்திலும் விழா நடக்கிறது. ஊர் போனபின்னும் ஊரைக் கூட்டும் ஆற்றல் விழாவுக்கு இருப்பதை இது காட்டுகிறது. ஆனால் உற்று நோக்கினால் கவலையும் பிறக்கும். முப்பது ஆண்டாக ஒருவரே செயலாளர், ஒருவரே பொருளாளர். எந்தக் கடையில் பந்தல் சாமான் வாடகைக்குக் கிடைக்கும், எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், நாதசுரக்காரருக்கு எப்போது முன்பணம் கொடுக்க வேண்டும் என்பன அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவருக்கு உடல்நலம் குன்றிய ஆண்டில் விழாவும் குன்றும். இளைஞர் வருவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். வந்த இளைஞரிடம் நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் தந்தால் அவர் மறு ஆண்டு ஏன் வருவார்?

ஆசிரியப் பயிற்சியில் நாம் அனைவரும் கண்ட முறை ஒன்று உண்டு. பயிற்சி ஆசிரியர் வகுப்பில் பாடம் நடத்துவார். மேற்பார்வை விரிவுரையாளர் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார். பயிற்சியாளர் தடுமாறினாலும் அவர் எழுந்து சென்று சுண்ணக்கட்டியைப் பிடுங்குவதில்லை. குறித்துக்கொண்டு, பாடம் முடிந்தபின் கூறுவார். அடுத்த வாரம் பயிற்சியாளர் மீண்டும் நடத்துவார். அவ்வாறே ஒருவர் ஆசிரியராகிறார். விழாவிலும் மூத்தோர் கடைசி வரிசையில் அமரும் ஆண்டு ஒன்று வரவேண்டும். அது அவர்கள் உயிருடனும் உடல்நலத்துடனும் இருக்கும் ஆண்டாக இருத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விழாவுக்கென ஒரு குறிப்பேடு வேண்டும். எந்த வேலை, எந்த நாள், யார், எவ்வளவு செலவு என அதில் ஆண்டுதோறும் எழுதப்படல் வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் துணைப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் துணைவர் முதல்வராக வேண்டும். கணக்கை விழா முடிந்த மாதத்துக்குள் எல்லார் முன்னும் படித்தல் வேண்டும். கணக்குப் படிக்கும் பணியை இளைஞரிடம் ஒப்படைப்பது சிறந்தது. நம்பிக்கை வைக்கப்பட்டவர் விலகிச் செல்லார். நன்கொடை ஒரு பெரியவரிடம் ஆயிரமாகப் பெறுவதினும் நூறு குடும்பத்திடம் பத்துப் பத்தாகப் பெறுவது நன்று. பணம் கொடுத்தவர் விழாவைத் தம்முடையது என எண்ணுவார். பள்ளிப் பிள்ளைகளை மேடையில் ஆட வைப்பதோடு நில்லாமல், வரவேற்பில் நிற்கவும், பரிசுப் பட்டியல் எழுதவும், நேரம் பார்க்கவும் பழக்க வேண்டும். ஆடிய பிள்ளைக்கு ஒரு நாள் கைதட்டல் கிடைக்கும். பட்டியல் எழுதிய பிள்ளைக்கு விழா நடத்தத் தெரியும்.

ஆண்டு முழுதும் நடக்கும் ஒரு பணியோடு விழாவைப் பிணைத்தலும் இன்றியமையாதது. ஐம்பதுகளில் அப்பணி நூலக நிதியாக இருந்தது. இன்று அது பள்ளி நூலகமாகவோ, தோட்டத்து முதியோரின் நினைவுகளையும் நாட்டுப்பாடல்களையும் பதிவு செய்து வைப்பதாகவோ, ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதாகவோ இருக்கலாம். தொழிலாளர் ஒன்றுகூடவே உரிமை கேட்டுப் போராடிய 1941-ஐயும், முள்வேலிக்குள்ளிருந்து தமிழ் பாடிய 1952-ஐயும் எண்ணிப் பார்த்தால், நமக்கு இன்றுள்ள வசதிகள் மிகப் பல. அனுமதிக்காகத் துரை வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. குறைவாக இருப்பது, நாம் அறிந்த வேலையை அடுத்தவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மனம் ஒன்றே.

இவ்வாண்டுப் பொங்கலுக்குக் கூட்டம் எத்தனை பேர் என எண்ணுவதோடு, விழாவைத் தனித்து நடத்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்றும் ஒவ்வொரு குழுவும் எண்ணிப் பார்க்கட்டும். அவ்வெண்ணிக்கை ஒன்றாக இருந்தால் அடுத்த ஆண்டுக்குள் அதை இரண்டாக்கும் பொறுப்பு நம்முடையது.